கேள்வி – பதில்: வெளிநாட்டவருக்கு வேறு விலை

கேள்வி: மாமல்லபுரத்துக்குப் போனபோது கடவுச்சீட்டுகளை விடுதியிலேயே வைத்துவிட்டுச் சென்றோம். கட்டணப் பலகையில் வெளிநாட்டவருக்கு 600 இந்திய ரூபாய் என்றிருந்ததால் அதையே ஒவ்வொருவரும் கொடுத்துச் சீட்டு எடுத்தோம். பக்கத்தில் நின்ற தமிழ்நாட்டுக் குடும்பம் கொடுத்தது ஆளுக்கு 40 ரூபாய். இது நியாயமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: நியாயத்துக்குப் பிறகு வருவோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த 600 ரூபாயை நீங்கள் கொடுத்திருக்கவே தேவையில்லை என்பது. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள சின்னங்களில், சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) மற்றும் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவைச் சார்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்குரிய கட்டணமே அறவிடப்படுகிறது. இலங்கை இவ்விரு அமைப்புகளிலும் உறுப்பு நாடு. ஆகவே இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் உங்களுக்கும் 40 ரூபாய்தான். இணையத்தில் முன்பதிவு செய்வோர் நாட்டைத் தெரிவு செய்யும் இடத்தில் இலங்கையைக் குறிப்பிட்டு, வாசலில் மூலக் கடவுச்சீட்டையே காட்டுவது நல்லது. கைப்பேசியில் உள்ள படத்தை ஏற்பதும் ஏற்காததும் வாசலில் நிற்பவரின் மனநிலையைப் பொறுத்தது.

தாஜ் மகாலில் மட்டும் கணக்குச் சற்று வேறு. அங்கே இந்தியருக்கு 50 ரூபாய், பிற வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய், நமக்கு 540 ரூபாய். தொல்லியல் துறை நம்மை இந்தியரைப் போலவே நடத்தினாலும், ஆக்ரா நகர அபிவிருத்தி அமைப்பு தனக்குரிய 500 ரூபாயைத் தனியாகச் சேர்த்துக்கொள்வதே இதற்குக் காரணம். கல்லறை மண்டபத்துக்குள் செல்வதற்கான 200 ரூபாய் எல்லோருக்கும் பொது.

இனி நியாயத்தைப் பற்றி. ஒரு நாட்டின் தொல்சின்னங்களை அந்நாட்டு மக்கள் தங்கள் வரிப்பணத்தால் பேணுகிறார்கள்; அவர்களுள் மிக வறியவரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவற்றைப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்; ஓரிரு நாட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் பராமரிப்புச் செலவில் சற்றுக் கூடுதலாகத் தாங்கட்டும். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்காவிட்டால் நம் நாட்டின் சிகிரியா மலைக்கோட்டையைப் பற்றி நாம் பேசவே முடியாது. அங்கே வெளிநாட்டவருக்கான கட்டணம் நெடுங்காலம் 30 டொலராக இருந்தது, சார்க் நாட்டவருக்கு அதில் பாதி. நாமோ ஒரு தேநீரும் வடையும் வாங்கும் காசில் ஏறிப் பார்த்து வந்தோம். அந்த வரிசையில் நிற்கும் ஜெர்மானியரைப் பார்த்து நம்மில் எத்தனை பேர் இது நியாயமா என்று கேட்டிருப்போம்?

கேள்வி: இப்படி இரட்டைக் கட்டணம் வைப்பது வறிய நாடுகளின் பழக்கம் என்றும், ஐரோப்பாவில் யாராயினும் ஒரே கட்டணம்தான் என்றும் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். சரியா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி, அந்தப் பாதியும் இப்போது தேய்ந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓர் உறுப்பு நாடு இன்னோர் உறுப்பு நாட்டவரிடம் கூடுதலாக அறவிடக் கூடாது என்பது உண்மை. அரும்பொருளகங்களில் தன் குடிமக்களுக்கு மட்டும் சலுகை கொடுத்த ஸ்பெயினுக்கு எதிராக 1994 இலும், முதியோருக்கான இலவச அனுமதியைத் தன் நாட்டவருக்கும் உள்ளூர்வாசிகளுக்கும் மட்டுப்படுத்திய இத்தாலிக்கு எதிராக 2003 இலும் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கே உரியது. பாரிஸிலுள்ள லூவர் அரும்பொருளகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நோர்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவையும் சேர்ந்தது) வெளியிலிருந்து வருவோருக்கான கட்டணத்தை 22 யூரோவிலிருந்து 32 யூரோவாக உயர்த்தியிருக்கிறது. கொழும்பிலிருந்து போகிறவர் கொடுக்க வேண்டியது இந்த 32 யூரோதான்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பொருத்தமாகப் படுவது ஜப்பானின் ஹிமேஜி நகரம் கண்டுபிடித்த வழி. அந்நகரக் கோட்டைக்கு வெளிநாட்டவரிடம் மட்டும் பலமடங்கு வாங்கலாம் என்று நகரபிதா முதலில் யோசனை சொன்னபோது கடும் விவாதம் எழுந்தது. இறுதியில் 2026 மார்ச் முதல் நகரவாசிகளுக்கு 1,000 யென், மற்ற எல்லோருக்கும் 2,500 யென் என்று முடிவாயிற்று. டோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியரும் 2,500 யென் கொடுக்க வேண்டும். எந்த நாட்டவர் என்று பாராமல் எங்கே வசிக்கிறார், எங்கே வரி கட்டுகிறார் என்று பார்க்கும் இந்த முறை, வரிப்பணம் பற்றிய வாதத்துக்கு நேர்மையாகப் பொருந்துகிறது.

தலைகீழான உதாரணம் ஒன்றும் உண்டு. சிங்கப்பூரின் சூதாட்ட விடுதிகளுக்குள் வெளிநாட்டவர் இலவசமாகப் போகலாம்; அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வதிவாளர்களும் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டொலர் நுழைவு வரி செலுத்த வேண்டும். தன் மக்கள் தோற்பதை விரும்பாத அரசாங்கம், நாம் தோற்பதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

கேள்வி: கனடாவில் பிறந்த என் தங்கையின் மகள் எங்களுடன் சிகிரியாவுக்கு வந்தபோது அவளுக்கு மட்டும் வெளிநாட்டவர் சீட்டு எடுக்க வேண்டியதாயிற்று. தமிழ் நன்றாகக் கதைப்பாள். அவளும் நம் பிள்ளைதானே? (தெஹிவளை வாசகி)

பதில்: நம் பிள்ளைதான், ஆனால் சீட்டு விற்பவர் பார்ப்பது கடவுச்சீட்டை. இரட்டைக் குடியுரிமை பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டோ தேசிய அடையாள அட்டையோ காட்ட முடிந்தால் உள்ளூர்க் கட்டணம் கேட்கலாம். இல்லையென்றால் முழுக் கட்டணத்தைக் கொடுத்துவிடுவதே கண்ணியம். உறவினரின் அடையாள அட்டையைக் காட்டிப் பார்ப்போம் என்று சிலர் சொல்லும் யோசனையை மறந்துவிடுங்கள்.

கேள்வி: வாசலில் எழுதிய கட்டணத்தைச் சகித்துக்கொள்ளலாம். சென்னையிலும் பாங்கொக்கிலும் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் நம் முகத்தையும் பேச்சையும் பார்த்து விலை சொல்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? (மட்டக்குளி வாசகர்)

பதில்: அதை நான் சகிக்கச் சொல்ல மாட்டேன். எழுதி வைத்த விலையை ஏற்கவும் மறுக்கவும் நமக்கு வழி இருக்கிறது. ஆளைப் பார்த்து அந்த நேரத்தில் உருவாகும் விலைக்கு எந்த வாதமும் கிடையாது, அது வெறும் ஏமாற்று. சென்னையில் நாம் இரண்டு வசனம் பேசியதுமே இலங்கைக்காரர் என்று தெரிந்துவிடும். அதை மறைக்க முயல்வது வீண். ஆகவே பேச்சுக்கே இடமில்லாத வழியைத் தேடுங்கள்: விமான நிலையத்தில் முற்கொடுப்பனவு வாடகைக் கார், நகருக்குள் ஊபர், ஓலா, நம்ம யாத்ரி, பாங்கொக்கில் கிராப். செயலியில் விலை ஏறுவதும் உண்டு, ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து ஏறுவதில்லை. செயலியில் போகாவிட்டாலும், அதில் காட்டும் தொகையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசலாம். ஏறிய பிறகு பேசும் பேரம் பேரமல்ல.

எழுதி வைத்த விலைக்கும் இந்த ஏமாற்றுக்கும் இடைப்பட்ட வகை ஒன்றும் இருக்கிறது. தாய்லாந்தின் தேசியப் பூங்காக்கள் சிலவற்றில் வெளிநாட்டவருக்கான கட்டணம் நமக்குத் தெரிந்த இலக்கங்களிலும், உள்ளூரவருக்கான கட்டணம் தாய்லாந்து மொழி இலக்கங்களிலும் எழுதப்பட்டிருக்கும். விலை பகிரங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவருக்கு அது விளங்காது. சட்டப்படி குற்றமில்லை என்றாலும் நேர்மையான பலகை என்று அதை என்னால் சொல்ல முடியாது. பாங்கொக் அரண்மனையில் வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய்லாந்தவருக்கு இலவசம் என்பதையோ எவரும் மறைப்பதில்லை. அதேபோல நேபாளத்திலுள்ள முக்திநாத்துக்கு யாத்திரை போகிறவர்கள், பொக்காராவிலிருந்து ஜொம்சொம் செல்லும் விமானத்தில் நேபாளியர் கொடுப்பதைவிடப் பன்மடங்கு கூடிய டொலர்க் கட்டணம் இருக்கும் என்பதை முன்பே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே போய்ச் சண்டை பிடிப்பதால் பயனில்லை.

ஏமாற்றப்பட்டால் முறையிட எண்கள் உண்டு: தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் 1155, இந்தியாவில் சுற்றுலா உதவி எண் 1363. நம் ஊரில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. கொழும்பு புதுக்கடைப் பகுதியில் 2024 இல் வெளிநாட்டுப் பயணி ஒருவருக்குக் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் விலை சொன்ன காணொளி பரவி, அது கைதுவரை போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: வெளிநாட்டுக் கடைகளில் அட்டை இயந்திரம் இலங்கை ரூபாயிலா, அந்நாட்டுப் பணத்திலா என்று கேட்கிறது. எதைத் தெரிவு செய்வது? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: எப்போதும் அந்நாட்டுப் பணத்தையே. இந்தக் கேள்வி வெளிநாட்டு அட்டைகளுக்கு மட்டுமே வரும். இலங்கை ரூபாயைத் தெரிவு செய்தால் நாணய மாற்று வீதத்தைத் தீர்மானிப்பவர் உங்கள் வங்கியல்ல, கடையின் பக்கத்தில் இருப்பவர். அவர் தமக்கொரு பங்கைச் சேர்த்தே அந்த வீதத்தை வைப்பார். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். சில கடைகளில் உங்களைக் கேளாமலே ரூபாயை அழுத்திவிடுவார்கள். பற்றுச்சீட்டில் இலங்கை ரூபாய்த் தொகை தெரிந்தால், கையொப்பம் இடுவதற்கு முன் அதை இரத்துச் செய்து மீண்டும் போடச் சொல்லுங்கள்.