ஜான் டவ்லண்டின் ‘ஃப்ளோ, மை டியர்ஸ்’: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஆங்கில இசையமைப்பாளர் டவ்லண்ட் 1600-ல் வெளியிட்ட இரண்டாம் பாடல் தொகுப்பில் உள்ள பாட்டு இது. தலைப்புக்கு ‘வழிந்தோடு, என் கண்ணீரே’ என்று பொருள். லூட் என்ற நரம்பு வாத்தியத்தோடு ஒற்றைக் குரலில் பாடுவது.

கேள்வி: முதல் வரியிலேயே மனசு கனத்துப்போகிறது. அதில் என்ன இருக்கிறது?

பதில்: மேற்கத்திய ஸ்வரம் ஏ-யை (A) ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பாருங்கள். ஸ நி த ப, கண்ணீர் கன்னத்தில் வழிகிற மாதிரி நான்கே படி. அடுத்து அந்தப் பஞ்சமத்திலிருந்து ஒரே தாவாக மேல் காந்தாரத்துக்குப் போய் மறுபடியும் இறங்குகிறது: க ரி ஸ நி. ஆனால் முதலில் வந்தது கைசிகி நிஷாதம் (தாழ்ந்த நி), இப்போது வருவது காகலி (உயர்ந்த நி), ஸட்ஜத்தை ஒட்டி அரைச் சுரம் கீழே நின்றுவிடுகிறது. எல்லாரும் முதல் நாலு ஸ்வரத்தைத்தான் புகழ்வார்கள், எனக்கு நெஞ்சை அடைப்பது இந்த இரண்டாவது நிஷாதம்.

கேள்வி: அப்படியானால் இது கைசிகி நிஷாதம் வரும் நடபைரவி ராகமா, காகலி வரும் கீரவாணியா?

பதில்: எதுவும் இல்லை. கீழே ஓடும் கார்டுக்கு (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஏற்ப நிஷாதம் மாறுகிறது, அவ்வளவுதான். முடிவில் ஏ மேஜர் கார்டு, அதாவது உயர்ந்த காந்தாரமான அந்தர காந்தாரம் கேட்கும். அது அக்கால வழக்கம், சோகம் தீர்ந்ததாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: வரிகளின் நீளம் ஏறுக்குமாறாக இருக்கிறதே?

பதில்: மெட்டுதான் முதலில் வந்தது. ‘லாக்ரிமே’ (லத்தீனில் ‘கண்ணீர்’) என்ற பெயரில் லூட்டுக்கு எழுதிய பவான், மெதுவான நடன இசை. மூன்று பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. சொற்களை அதற்குள் பிறகு பொருத்தியிருக்கிறார்கள். முதல் இரண்டு பகுதிகள் திரும்பும்போது புது வரிகள், மூன்றாவதில் அதே வரிகள்.

கேள்வி: டவ்லண்ட் உண்மையிலேயே சோகமானவரா?

பதில்: 1594-ல் எலிசபெத் அரசவையில் லூட் கலைஞர் இடம் கேட்டுக் கிடைக்கவில்லை, 1598-ல் டென்மார்க் அரசரிடம் வேலைக்குப் போனார், கையெழுத்திலேயே ‘லாக்ரிமே’ என்று சேர்த்துப் போட்டதும் உண்டு. ஆனாலும் சோகம் அன்றைய இங்கிலாந்தில் ஒரு பாணி. பாட்டை வைத்து ஆளை எடை போட மாட்டேன்.

கேள்வி: கிடாரில் வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக. மூன்றாவது கம்பியை ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கி, மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டை) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்தும் கிளிப், போட்டால் லூட்டின் சுருதி அமைப்பே வந்துவிடும். அப்புறம் பழைய அச்சிலிருந்தே வாசிக்கலாம். அதில் எழுத்துகள் ஸ்வரத்தை அல்ல, விரல் வைக்கும் இடத்தைக் குறிக்கும்: ‘ஏ’ என்றால் திறந்த கம்பி, ‘பி’ என்றால் முதல் ஃப்ரெட். கார்டு மட்டும் தட்டிவிட்டுப் போகாதீர்கள். இரண்டாம் பகுதியில் கண்ணீர், பெருமூச்சு, முனகல் என்று குரல் துண்டு துண்டாக உடைந்து மேலே ஏறும் இடத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் லூட் பதில் சொல்கிறது. அந்த விம்மல் தனியாகக் கேட்க வேண்டும்.