மரவள்ளிக்குள் உளுந்து: பூ இல்லாததற்கு நிழல்தான் காரணம்

மரவள்ளிக்கு இடையே ஊடுபயிராகப் போட்ட உளுந்து பூக்கவில்லை, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உளுந்தைப் பிடுங்க வேண்டாம். ஆனால் இந்த முறை காயை நம்பியும் இருக்காதீர்கள்.

மரவள்ளி நட்டு 45 நாள் கழித்து விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். செடி நெடுநெடுவென ஓடிப் பூ வைக்காமல் நிற்பது பெரும்பாலும் நிழலால்தான். மரவள்ளி ஏறக்குறைய மூன்று மாதத்தில் இடைவெளியை மூடிவிடும். உளுந்துக்கோ 65 முதல் 75 நாள் வெயில் வேண்டும். அடுத்த முறை மரவள்ளிக் கரணை (நடும் தண்டுத் துண்டு) ஊன்றும் அதே வாரத்தில் உளுந்தை விதையுங்கள்.

உறுதி செய்ய, உச்சிவெயிலில் இரு வரிசைக்கு நடுவே தரையைப் பாருங்கள். பாதிக்கு மேல் நிழலா? சரி, அதுதான் காரணம்.

அப்புறம், உளுந்து மண்ணுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கிறதா என்று பார்க்க நான்கைந்து உளுந்துச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். கையால் இழுத்தால் வேர்முடிச்சு (வேரில் இருக்கும் சிறு உருண்டைகள்) அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. யூரியா கூடினாலும் முடிச்சு சரியாகக் கட்டாது.

காய் வராவிட்டால் தரைமட்டத்தில் அறுத்து மரவள்ளித் தூரில் மூடாக்காகப் போடுங்கள், வேர் மண்ணிலேயே மட்கட்டும்.

இரண்டில் கவனம்: கிழங்கு பெருக்கச் சாம்பல்சத்து (பொட்டாஷ்) வேண்டும், அதை உளுந்து தராது. பயறு போட்டாயிற்றே என்று பொட்டாஷைக் குறைத்துவிடாதீர்கள். உளுந்தில் மஞ்சள் தேமல் நோய் (இலையில் மஞ்சள் திட்டுகள்) தெரிந்தால் அந்தச் செடியை உடனே அகற்றுங்கள். அதைப் பரப்பும் வெள்ளை ஈதான் மரவள்ளித் தேமலையும் பரப்புகிறது.