300 பிள்ளைகள் படிக்கும் கன்சாஸ் சிற்றூர்ப் பள்ளி: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் கணவர் சிகாகோவில் ரெசிடென்சி (மருத்துவர் பயிற்சி) முடிக்கப் போகிறார். ஜே-1 வேய்வருக்காக (ஜே-1 விசா முடிந்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு பெற) மேற்கு கன்சாஸில் ஒரு சிற்றூர் மருத்துவமனையுடன் மூன்று வருட ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அங்குள்ள ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அந்தப் பகுதிப் பள்ளிகளின் நிர்வாக எல்லை) முழுவதிலும் சேர்த்தே 300 பிள்ளைகள்தான். ஏ.பி. எனும் கல்லூரித் தர வகுப்பு ஒன்றுகூட இல்லை. வாரத்தில் நான்கு நாள்தான் பள்ளி. “பிள்ளைகளோடு நீ சிகாகோவிலேயே இரு, அவர் மட்டும் போகட்டும்” என்கிறார்கள் தோழிகள். 50 மைல் தள்ளியுள்ள பெரிய ஊரில் வீடு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். மகளின் கல்லூரி வாய்ப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: குடும்பமாகப் போங்கள், மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே குடியேறுங்கள். ஆனால் வீடு பார்ப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போன் செய்யுங்கள். சின்ன டிஸ்ட்ரிக்டில் என்ன கிடைக்கும் என்பது வெப்சைட்டில் இருக்கும் பாடப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது. யார் எப்போது கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே பல விஷயங்கள் முடிவாகின்றன.

முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. மகள் இப்போது எட்டாவது. மூன்று வருட ஒப்பந்தம் முடியும்போது பதினொன்றை முடித்திருப்பாள். அதாவது, வேய்வர் கடமை தீர்ந்து நீங்கள் மூட்டை கட்டத் தயாராகும் நேரத்தில் அவள் பன்னிரண்டாம் வகுப்பின் வாசலில் நிற்பாள். கல்லூரி விண்ணப்பம் எழுத வேண்டிய இலையுதிர் காலத்தில், அவளை அறியாத ஆசிரியர்களிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்கும் நிலை வரும். மாநிலம் மாறினால் உயர்நிலைப் பள்ளியை முடிக்கத் தேவையான கிரெடிட் (பாட அலகு) கணக்கும் மாறும். ஆகவே நான்கு வருடம் இருக்க முடியுமா என்பதை இப்போதே கணவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஏ.பி. இல்லையே என்பதைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

கணக்குப் பாடத்தை அடுத்து வைக்கிறேன், ஏனென்றால் சின்னப் பள்ளியில் உண்மையிலேயே இடிக்கக் கூடிய இடம் அது. மகள் எட்டாவதிலேயே அல்ஜீப்ரா 1 முடித்திருந்தால் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் பிரீ-கால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் என்று வரிசை போகும். 300 பிள்ளைகள் உள்ள டிஸ்ட்ரிக்டில் உயர்நிலைக்கு ஒரே ஒரு கணக்கு ஆசிரியர் இருப்பது சகஜம். கால்குலஸுக்கு இரண்டு பேர்தான் இருந்தால் அந்த வருடம் வகுப்பே நடக்காமல் போகலாம். ஜியாமெட்ரி நடக்கும் அதே மணி நேரத்தில் பேண்ட் (இசைக்குழு) வகுப்பு இருந்தால் இரண்டில் ஒன்றை விட வேண்டி வரும், ஏனென்றால் ஒவ்வொரு பாடமும் நாளில் ஒரே ஒரு பீரியடில்தான் நடக்கும். அடுத்த வருட அட்டவணையை வசந்த காலத்திலேயே போட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகஸ்டில் போய் நின்றால் காலி இருக்கும் வகுப்பில்தான் உட்கார வேண்டும். மார்ச், ஏப்ரலில் பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர்களுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க உதவும் ஆலோசகர்) “என் மகள் ஒன்பதாவதில் ஜியாமெட்ரியில் சேர வேண்டும், பன்னிரண்டாவதில் கால்குலஸ் வேண்டும், இதற்கு வழி என்ன?” என்று கேட்டால், அவளை மனதில் வைத்தே அட்டவணை போடுவார்கள். 2,000 பேர் படிக்கும் சிகாகோ புறநகர்ப் பள்ளியில் இது நடக்காது.

கால்குலஸ் நேரில் இல்லை என்றாலும் வழி உண்டு. கன்சாஸின் சின்னப் பள்ளிகள் பெரும்பாலும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டு வருடக் கல்லூரி) கைகோத்து, உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட் தரும் வகுப்புகளை நடத்துகின்றன. மேற்குப் பக்கத்தில் கார்டன் சிட்டி, டாட்ஜ் சிட்டி, கோல்பி, லிபரல் ஆகிய ஊர்களில் அப்படிப்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. நம் குடும்பங்கள் ஏ.பி. என்ற இரண்டெழுத்தையே பார்ப்பதால் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. ஏ.பி.தான் வேண்டும் என்றால் ஆன்லைனில் படித்துவிட்டுத் தேர்வை மட்டும் எழுதலாம். அவள் பள்ளியே தேர்வு நடத்த முன்வரலாம், இல்லையென்றால் வேறு பள்ளியில் போய் எழுதலாம். மே மாதத் தேர்வுக்கு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கல்லூரி வாய்ப்பு பற்றிய உங்கள் பயத்துக்கு நேரான பதில் இது: சேர்க்கை அலுவலகங்கள் ஒரு மாணவியை அவள் பள்ளியில் என்ன கிடைத்ததோ அதை வைத்தே மதிப்பிடுகின்றன. விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய விவரக் குறிப்பும் போகும், ஏ.பி. இல்லாத பள்ளி என்பது அதில் தெரியும். அங்கே இருந்த கடினமான பாடங்களை எடுத்தாளா, அதற்கு மேலும் தேடிப் போனாளா என்றுதான் பார்ப்பார்கள். சிற்றூர் மாணவர்களைத் தேடிப் பிடிக்கவே 2023-ல் ஸ்டார்ஸ் காலேஜ் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு 16 பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. சிகாகோ பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., யேல் எல்லாம் அதில் உண்டு. அதனால் இடம் நிச்சயம் என்று நான் சொல்லவில்லை. சிற்றூர் முகவரி அவளுக்குத் தடையாக இருக்காது என்று சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெரிய பள்ளியில் வாலிபால் அணிக்குத் தேர்வாவதே கஷ்டம். இங்கே அதே பெண் வாலிபால் ஆடுவாள், பேண்டில் வாசிப்பாள், நாடகத்தில் நடிப்பாள், ஸ்காலர்ஸ் பவுல் என்ற வினாடி வினா அணியிலும் இருப்பாள். அவள் வராவிட்டால் அணியே சேராது, அதனால்தான் கூப்பிடுவார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலைக்கூடப் பதினொரு பேர் சேராமல் எட்டுப் பேரை வைத்து ஆடும் பள்ளிகள் அங்கே ஏராளம். ‘நம்மை நம்பி ஒரு வேலை இருக்கிறது’ என்ற உணர்வு பதினாலு வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு செய்யும் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அவள் வகுப்பில் 20, 25 பேர் இருப்பார்கள். மழலையர் வகுப்பிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். முதல் இலையுதிர் காலம் தனிமையாகத்தான் இருக்கும். தோழியோடு சண்டை வந்தால் போய் உட்கார வேறு மேசை இருக்காது. பள்ளி திறப்பதற்கு முன்பே ஆகஸ்டில் தொடங்கும் விளையாட்டுப் பயிற்சியிலோ பேண்ட் பயிற்சியிலோ அவளைச் சேர்த்துவிடுங்கள். முதல் நாள் உள்ளே நுழையும்போது நான்கு முகமாவது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, 50 மைல் தள்ளி வீடு எடுப்பது? வேண்டாம். சிற்றூர் மருத்துவமனையில் ஆன்-கால் இருக்கும்போது இத்தனை நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், முதலில் அதைப் படித்துப் பாருங்கள். பனிப்புயலில் அந்த ஐம்பது மைல் என்ன பாடு படுத்தும் என்பது தனிக் கதை. தவிர, 2024-25 கல்வியாண்டிலிருந்து கன்சாஸில், இடம் காலியாக இருந்தால் வேறு டிஸ்ட்ரிக்ட் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வருடம் பார்த்து ஒத்துவரவில்லை என்றால் வீட்டை மாற்றாமலே பள்ளியை மாற்ற முயலலாம். பஸ் அனுப்ப அவர்களுக்குக் கடமை இல்லை, கார் ஓட்டுவது உங்கள் பாடு. விண்ணப்பிக்கக் குறிப்பிட்ட காலம் உண்டு, அதை அந்த டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே நிலத்தோடு வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள். பள்ளியிலிருந்து 2.5 மைலுக்கு அப்பால் இருந்தால் பஸ் வரும், உண்மைதான். ஆனால் பனி பெய்தாலோ மண் சாலை சேறானாலோ ‘ஸ்னோ ரூட்’, ‘மட் ரூட்’ என்று அறிவிப்பார்கள். அன்று பஸ் நல்ல சாலைகளில் மட்டுமே ஓடும், பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த வேண்டும். கணவர் மருத்துவமனையில், நீங்கள் தனியாக, வெளியே உறைபனி. முதல் வருடம் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் வாடகை வீடே நல்லது.

மகன் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இல்லினாய்ஸ் போல இல்லாமல், கன்சாஸில் கிஃப்டட் (மிகுந்த திறமையுள்ள) பிள்ளைகளுக்கான சேவை சிறப்புக் கல்விச் சட்டத்துக்குள்ளேயே வருகிறது. தகுதி பெற்றால் அவனுக்கென்று ஐ.இ.பி. (தனிப்பட்ட கல்வித் திட்டம்) எழுதுவார்கள், பள்ளி விரும்பினால் தரும், இல்லாவிட்டால் விடும் என்பதல்ல அது. அவன் வகுப்பில் மிகவும் முன்னால் ஓடுகிறான் என்று தோன்றினால் மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து 60 பள்ளி நாட்களுக்குள் அது முடிய வேண்டும். சின்ன டிஸ்ட்ரிக்ட் தனக்கென்று ஆள் வைக்காது. பல டிஸ்ட்ரிக்டுகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பிலிருந்து ஓர் ஆசிரியர் வாரத்தில் சில நாள் வந்து போவார். பேச்சுப் பயிற்சியும் மற்ற சிறப்புக் கல்வியும் இப்படித்தான் நடக்கும். யாருக்காவது அந்த உதவி ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தால், எத்தனை நாள் வருவார் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான்கு நாள் பள்ளி எனக்கு அவ்வளவாகப் பிடித்த ஏற்பாடு அல்ல. ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இது பிடித்திருந்தது, ஆனால் சில வருடங்களில் மதிப்பெண் வளர்ச்சி ஐந்து நாள் பள்ளிகளைவிடக் குறைந்தது. மகளுக்கு அந்த ஐந்தாவது நாள் ஆன்லைன் பாடத்துக்கு உதவும். மகனுக்கு அந்த நாளில் வாசிப்பும் கணக்கும் இருக்கும்படி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஊரைப் பற்றி. அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் உண்டு. கன்சாஸில் ஒவ்வொன்றையும் மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர் கொண்ட போர்டு நடத்துகிறது. ஊர் வங்கி மேலாளர், கோதுமை விவசாயி, மருத்துவமனை நர்ஸ் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களே அதில் இருப்பார்கள். மாதாந்திரக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். குடியுரிமை இல்லாததால் உங்களால் ஓட்டுப் போட முடியாது, ஆனால் கன்சாஸ் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரும் இடம்பெறும் சைட் கவுன்சில் என்ற ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். அதில் ஆள் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பார்கள், நீங்களே போய்க் கேளுங்கள். சப்ஸ்டிட்யூட் டீச்சராக வர முடியுமா என்றும் உங்களைக் கேட்பார்கள். எச்-4-ல் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) வேலை அனுமதி இல்லை என்றால் சம்பள வேலையை ஏற்காதீர்கள். நூலகத்தில் தன்னார்வலராக வாசித்துக் காட்டலாம்.

புதன்கிழமை மாலைகளில் பள்ளி நிகழ்ச்சி வைக்காத ஊர்கள் அங்கே பல, அது சர்ச் நேரம். உங்கள் பிள்ளைகளையும் அன்போடு கூப்பிடுவார்கள். போவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசுப் பள்ளி தானே முன்னின்று பிரார்த்தனை நடத்தக் கூடாது என்பது 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மதச் சார்பில்லாமல் பழக, விவசாயத்தில் தொடங்கிய சிறுவர் சங்கமான 4-எச் நல்ல இடம். மாடு வளர்க்க வேண்டியதில்லை. போட்டோகிராபி, சமையல், ராக்கெட் எல்லாம் அதில் உண்டு. கோடையில் கவுண்டி கண்காட்சியில் மகன் தன் வேலையைக் காட்சிக்கு வைக்கும்போது ஊரில் பாதிப் பேர் அதைப் பார்ப்பார்கள்.

சைவமாக இருந்தால், அது மாட்டிறைச்சி ஊர் என்பதை நினைவில் வையுங்கள். விருப்பத்துக்காகச் சைவச் சாப்பாடு தர வேண்டிய கட்டாயம் பள்ளிக்கு இல்லை. ஆனால் பீன்ஸ், சீஸ், தயிர் ஆகியவற்றை இறைச்சிக்குப் பதிலாகத் தர விதிகள் இடம் கொடுக்கின்றன. சமையலறைப் பொறுப்பாளரை நேரில் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

பள்ளி நிலைத்து நிற்குமா என்றும் பார்த்துவிடுங்கள். வகுப்பு வாரியாக எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பன்னிரண்டாவதில் 25, மழலையர் வகுப்பில் 10 என்றால் டிஸ்ட்ரிக்ட் சுருங்குகிறது, பக்கத்து ஊரோடு இணைக்கும் பேச்சு வரலாம். சின்ன டிஸ்ட்ரிக்டுகளுக்குக் கன்சாஸ் அரசு தலைக்குக் கூடுதல் பணம் தருகிறது. 1,622-க்குக் குறைவான மாணவர்கள் உள்ள எல்லா டிஸ்ட்ரிக்டுக்கும் அது உண்டு. அதனால்தான் 300 பேரோடும் பள்ளி ஓடுகிறது. அந்தத் தலைக் கணக்கை எடுக்கும் நாள் செப்டம்பர் 20. இரண்டு புதுப் பிள்ளைகளோடு வரும் உங்கள் குடும்பம் அவர்களுக்கு எவ்வளவு வேண்டியது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கும், பதிவு அந்த மாதத் தொடக்கத்திலேயே நடந்துவிடும். சிகாகோவை விட்டுக் கிளம்பும் முன் மகளின் டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பதிவு), அல்ஜீப்ரா வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்ற பாடவிவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்; இது இல்லாமல் சிலரைத் திரும்பவும் அல்ஜீப்ரா 1-ல் உட்கார வைத்துவிடுவார்கள். தடுப்பூசிப் பட்டியல், பிறப்புச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை போதும். விசா நிலையைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, உச்ச நீதிமன்றத்தின் 1982 தீர்ப்புக்குப் பிறகு அதில் சந்தேகமே இல்லை. வீட்டு மொழி என்ன என்ற படிவத்தில் தமிழ் என்றே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும்.