பெரிய எக்ஸ்7-ஆ, சின்ன எக்ஸ்3-ஆ?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். நான், மனைவி, 11, 8 வயதில் இரண்டு பையன்கள், எங்கள் அம்மா. அண்ணன் குடும்பம் ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோஹானஸ்பர்க் போய்வருவோம். புது பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3 வாங்கும் பணத்துக்கே, மூன்று வருடம் ஓடிய எக்ஸ்7 டீசல் ஒன்று கிடைக்கிறது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏழு சீட் இருந்தால் கோயில், கல்யாணம் என்று எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று நினைக்கிறேன். மனைவி சின்னதே போதும் என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, தம்பி.

ஏழு சீட் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஒரே வீட்டு ஆட்கள் மூன்று காரில் வந்து, ஆளுக்கொரு மூலையில் நிறுத்திவிட்டு, கூட்டத்தில் ஒருவரையொருவர் போனில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எக்ஸ்7-ல் மூன்றாவது வரிசையை நிமிர்த்தி ஏழு பேர் உட்கார்ந்தால், பின்னால் சாமான் வைக்க மிஞ்சும் இடம் 326 லிட்டர்தான். சாதாரண பெட்ரோல், டீசல் எக்ஸ்3-ல் ஐந்து பேர் உட்கார்ந்த பிறகும் 550 லிட்டருக்குக் குறையாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும்போது வெறுங்கையோடா போகிறோம்? காவடி, பால்குடம், தாம்பாளம், மாற்றுத்துணி, அண்டாவில் சாப்பாடு. ஏழு பேரும் ஏறிவிட்டால் அந்த அண்டாவுக்கு இன்னொரு கார் பின்னால் வரவேண்டும். வரிசையை மடக்கிவிட்டால் 750 லிட்டர் கிடைக்கும், சரி. ஆனால் அப்போது அது ஐந்து பேர் வண்டி. அந்த மாதிரி நாட்களுக்கு ஒரு கோம்பி வேன் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பிள்ளைகளும் அதிலேயே ஏறிக்கொள்ளலாம்.

மற்ற நாட்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம், வேலை, கடைத்தெரு. எக்ஸ்7 நீளம் 5.15 மீட்டருக்குக் குறையாது. பக்கக் கண்ணாடிகளோடு அகலம் 2.2 மீட்டருக்கு மேல். நம் ஊரில் ஒற்றைக் கார் கராஜ் கதவு பெரும்பாலும் 2.44 மீட்டர். தினமும் கண்ணாடியை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விடவேண்டும். இல்லையென்றால் வெளியே நிறுத்தவேண்டும். ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது என்பது இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று. இரண்டில் எதை எடுத்தாலும் வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் போடச் சொல்வார்கள் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்7 ஓட்டச் சுகமான வண்டி, அதை மறுக்க முடியாது. நான்கு பக்கமும் குலுக்கலைக் காற்றால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். ஜோஹானஸ்பர்க் வரை 570 கிலோமீட்டர் போய் இறங்கினாலும் இடுப்பு வலிக்காது. அம்மாவுக்கு அது பெரிய விஷயம்தான். வழியில் வான் ரீனன் கணவாயில் லாரிகளைத் தாண்ட இரண்டுமே திணறாது, டோலிலும் இரண்டுக்கும் ஒரே கட்டணம். ஆனால் எக்ஸ்7 அரை டன்னுக்குக் குறையாமல் கூடுதல் எடை. டீசல், பிரேக், டயர் என்று எல்லாவற்றிலும் அது தெரியும். குவாசுலு நட்டாலில் வருடாந்திர லைசென்ஸ் கட்டணமே எடையைப் பார்த்துத்தான். 21, 22 இஞ்ச் ரிம்மில் டயரின் பக்கவாட்டு ரப்பர் ஒல்லியாக இருக்கும். மழை பெய்து தண்ணீர் தேங்கிய ஒரு குழியில் இறங்கினால் டயரோடு ரிம்மும் போய்விடும். நம் சாலைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்த 78,000தான். சர்வீஸ், ரிப்பேர் செலவைக் கம்பெனியே ஏற்கும் மோட்டார் பிளான் ஐந்து வருடம் அல்லது 100,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. மீதி 22,000. ஜோஹானஸ்பர்க் ஒருமுறை போய்வந்தாலே 1,140 கிலோமீட்டர். நான்கு தடவை போய், தினசரி ஓட்டமும் சேர்ந்தால் ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருடம். அப்புறம் ஏர் சஸ்பென்ஷனில் காற்றுக் கசிந்தால்கூடச் செலவு உங்கள் தலையில். பழைய வண்டி விலைக்கு வாங்கினாலும், ரிப்பேர் என்று வந்தால் அது புதிதில் என்ன விலையோ அந்தத் தரத்துக்குத்தான் பில் வரும். அதோடு கடனில் ஒரு பெரிய பங்கைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும் பலூன் பேமெண்ட்டும் போட்டு மாதத் தவணையைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளான் முடிந்து பில்கள் வரும் காலத்தில், கடைசியில் கட்டவேண்டிய மொத்தத் தொகையும் காத்துக்கொண்டிருக்கும். வண்டியை விற்றாலும் அந்தக் கடன் அடையாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எக்ஸ்3-க்குக் கையெழுத்துப் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். அம்மாவையும் இரண்டு பையன்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய், பின்சீட்டில் மூவரையும் கால்மணி நேரம் உட்காரவையுங்கள். நடுவில் தரை மேடாக இருக்கும், சின்னவன்தான் அங்கே உட்காரவேண்டும். அம்மாவுக்குக் கதவோரம். பெரியவன் இன்னும் நாலைந்து வருடத்தில் உங்கள் உயரம் வந்துவிடுவான், அதையும் யோசியுங்கள். அம்மாவுக்குத் தோள் இடிக்கிறது, முழங்கால் முட்டுகிறது என்றால், எக்ஸ்7 பக்கம் திரும்பாமல் நடுவில் இருக்கும் எக்ஸ்5-ஐப் பாருங்கள். மோட்டார் பிளானில் குறைந்தது மூன்று வருடமும் 60,000 கிலோமீட்டரும் மீதமிருக்கிற வண்டியாகத் தேடுங்கள். அந்த மீதியை டீலர் வாயால் சொன்னால் போதாது, வண்டியின் சேஸிஸ் நம்பரோடு எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுங்கள்.