தத்துவ ஆய்விதழ் பணம் கேட்டால் கட்டலாமா?

கேள்வி: தருமபுரியில் தத்துவத்தில் பிஎச்.டி. செய்கிறேன். நடுகல் பற்றிய என் கட்டுரையை, பணம் கட்டினால் ஒரே வாரத்தில் போடுவதாக ஒரு ‘பன்னாட்டு’ இதழ் மெயில் அனுப்பியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒழுங்கான இதழில் மதிப்பீட்டாளர் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். முடிவு வர மாதங்கள் ஓடும். ‘பன்னாட்டு’ என்று பெயரில் போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஐஎஸ்எஸ்என் வெறும் பதிவு எண், தரச் சான்று அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற இதழ்களின் பட்டியலான ‘யூஜிசி கேர்’ பட்டியலைக் காட்டினாலும் மயங்காதீர்கள். 2025 பிப்ரவரியில் அதையே கைவிட்டுவிட்டார்கள். ஆய்விதழ்களைத் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். ஐஎஸ்எஸ்என் எண், பதிப்பகம் இரண்டும் அதில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்கள் உண்டு.

உங்கள் பொருளுக்கு ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் ‘ஃபிலாசஃபி ஈஸ்ட் அண்ட் வெஸ்ட்’ (1951 முதல் வருகிறது) பொருந்தும். ஸ்பிரிங்கரின் ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் ஃபிலாசஃபி’ மூலநூல் ஆய்வை அதிகம் எதிர்பார்க்கும். ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) கேட்காவிட்டால் அங்கே கட்டணம் கிடையாது. 1876-இல் தொடங்கிய ‘மைண்ட்’ தத்துவ இதழ்களில் பெரிய பெயர்தான், ஆனால் உங்கள் கட்டுரைக்கு முதல் வாசல் அதுவல்ல.

கட்டுரை மதிப்பீட்டுக்கே போகாமல் ஆசிரியர் மேசையிலிருந்து திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வாதம் இல்லாமை. தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களை ஐந்து பக்கம் வருணித்தால் அது தொல்லியல். புறநானூறு 232-ஐ எடுங்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அதியமான், நடுகல் முன் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளைக் கொள்வானோ என்கிறார் ஔவையார். கொள்ளவோ மறுக்கவோ அங்கே ஒருவன் இருக்க வேண்டுமே! இறந்தவருக்கு நன்மையோ தீங்கோ செய்ய முடியுமா என்று தத்துவத்தில் இன்றும் நடக்கிற விவாதத்துக்குள் இப்படித்தான் நுழைய வேண்டும். உங்கள் முடிவு முதல் பக்கத்திலேயே வந்துவிடட்டும்.

எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியாதபடி பெயர் நீக்கிய பிரதியைத்தான் அனுப்ப வேண்டும். தலைப்பின் கீழ் பெயரை அழித்தால் போதாது: வேர்ட் கோப்பின் பண்புகளில் பெயர் நிற்கும், நன்றியுரையில் வழிகாட்டி பெயர் நிற்கும், ‘என் முந்தைய கட்டுரையில்’ என்ற வரியும் காட்டிக்கொடுக்கும். ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பவே கூடாது.

அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டம் வழியாக ஸ்பிரிங்கர் இதழ்களைப் படிக்க முடியும், நூலகரிடம் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் தத்துவக் கட்டுரைகளைச் சேர்த்துவைக்கும் ஃபில்ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள், பல கட்டுரைகளின் முன்பிரதி (இதழில் அச்சாகும் முன் உள்ள வடிவம்) இலவசம்.

அவசரம் ஆய்வேட்டுக்காக என்றால், யூஜிசியின் 2022 விதிமுறையில் ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருப்பது கட்டாயமில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.