பழைய கார் பட்டறை: வேலூரில் ஓடுமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். காட்பாடி பக்கம் சொந்தமாக 1,500 சதுர அடி ஷெட் இருக்கிறது. அம்பாசடர், பியட் போன்ற பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் பட்டறை தொடங்க ஆசை. இந்த ஊரில் ஓடுமா?

பதில்: ஓடும், ஆனால் உள்ளூர் வாடிக்கையாளரை மட்டும் நம்பினால் கஷ்டம். பழைய காருக்கு மனசார செலவு செய்கிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும்தான் அதிகம். ஒரு காரை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து வேலை பார்க்க அங்கே இட வாடகை கட்டுப்படியாகாது. நீங்களோ இரண்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், சொந்த ஷெட்டோடு இருக்கிறீர்கள்.

அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முக்கியம். ஒரு காரை முழுசாகப் பிரித்தால் பாடி ஒரு பக்கம், இன்ஜின் ஒரு பக்கம், கதவும் சீட்டும் இன்னொரு பக்கம் என்று இரண்டு கார் இடத்தை அடைத்துவிடும். பாதியில் ஓனர் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டால் காரைத் தள்ளவும் முடியாது, விற்கவும் முடியாது. இந்தத் தொழிலில் பட்டறைகள் மூடுவது பெரும்பாலும் இப்படித்தான், வேலை தெரியாததால் அல்ல. அதனால் முதல் வருடம் முழு ரெஸ்டோரேஷனுக்கு ஒரே ஒரு காரை எடுங்கள். மீதி இடம் ரிப்பேருக்கு. கார்ப்ரேட்டர், பிரேக், வயரிங், ரேடியேட்டர் என்று வாராவாரம் கைக்குக் காசு வரும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வையும் அரிக்கிறது. அதை மாற்றும் வேலையே நிறைய வரும்.

மொத்தத் தொகையை முதல் நாளே சொல்லாதீர்கள். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. அதற்கடியில் தகடு இருக்கிறதா என்பது சுரண்டினால்தான் தெரியும். கடலோரத்தில் நின்ற கார் என்றால் தரைத்தகட்டையும் கதவுக்குக் கீழே உள்ள பகுதியையும் விடாமல் தட்டிப் பாருங்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் (பியட்டின் பிற்காலப் பெயர்) தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. அங்கே துரு என்றால் செலவு பெயிண்டோடு நிற்காது. பிரித்தல், டிங்கரிங், பெயிண்ட், இன்ஜின், அசெம்பிளி என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அட்வான்ஸ் வாங்கிய பிறகு கை வையுங்கள். பணம் தாமதமானால் நிறுத்துமிட வாடகை உண்டு என்று எழுதி, கையெழுத்தும் வாங்குங்கள்.

ஆர்.சி. புத்தகம் இல்லாத காரைத் தொடவே வேண்டாம். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஒத்துப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். மணல் பீய்ச்சித் துரு எடுக்கும்போது எண் உள்ள இடத்தை மறைக்கச் சொல்லுங்கள். அது அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதில் சொல்லி மாளாது. 50 வருடம் தாண்டிய காருக்கு 2021 விதிப்படி ‘வி.ஏ.’ எழுத்தோடு விண்டேஜ் பதிவு வாங்கலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறியிருக்கக் கூடாது. அந்தப் பதிவில் காரைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று நினைத்து வருகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொடக்கத்துக்கு அம்பாசடரும் பத்மினியும் போதும். அம்பாசடர் 2014 வரை தயாரானது; சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பாகம் கிடைக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அழகான பழைய கார்தான். தனிச் சேஸிஸ் என்பதால் பாடியைக் கழற்றுவதும் சுலபம். ஆனால் ஒரு சின்னப் பாகத்துக்காக மாதங்கள் காத்திருக்க நேரிடும்.

ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருப்பதால் எல்லாக் காருக்கும் தோல் சீட் போடத் தோன்றும். அசல் தோற்றம் கேட்கிறவருக்கு வேண்டாம். நம் ஊர் அம்பாசடர், பியட் பெரும்பாலும் ரெக்சின் சீட்டோடுதான் வந்தன. தோலேதான் வேண்டும் என்றால் ஷூ தோலை வாங்காமல், பெரிய துண்டாக, சீட்டுக்கென்றே பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பெயிண்ட் வேலையை இப்போதைக்கு பெயிண்ட் பூத் (மூடிய பெயிண்ட் அறை) உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தின் புகை நுரையீரலுக்குக் கேடு, சாதாரண மாஸ்க் தாங்காது. கழிவு ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், உடனே செய்யலாம். கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். கடனில் வாங்கும் மெஷின் பட்டியலில் சிலிண்டர் போரிங் மெஷினைச் சேர்க்காதீர்கள். அந்த வேலையை லேத் பட்டறையில் கூலிக்கே முடித்துக்கொள்ளலாம். நல்ல கம்ப்ரஸர், மிக் வெல்டிங், இன்ஜின் தூக்கும் கிரேன், இந்த மூன்றும் முதலில் வரட்டும்.