கேள்வி – பதில்: இடிக்கப்போகும் கச்சேரி மண்டபம்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் பல வருஷமாகக் கச்சேரி நடந்த சிறிய மண்டபத்தை இடித்துத் தொடர்மாடி கட்டப்போகிறார்கள். புதுக் கட்டிடத்தில் எங்கள் சபைக்கும் ஒரு மண்டபம் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? இடிக்குமுன் எதைக் காப்பாற்றலாம்? — வாசகர், வெள்ளவத்தை

பதில்: வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகூட நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். கடிதத் தலைப்பில் எழுதித் தந்த வாக்குறுதி போதாது. இன்னொரு பொறியும் இருக்கிறது. மண்டபத்தைத் தொடர்மாடித் திட்டப்படத்தில் 'பொதுப் பகுதி' என்று காட்டினால், அது வீடு வாங்கியவர்களுக்கே உரியது. மிருதங்கம் கேட்டதும் முறைப்பாடு வரும், கதவும் சாத்தப்படும். தனி அலகாகக் காட்டச் சொல்லுங்கள். அதன்மேல் நீண்டகாலக் குத்தகை உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

உறுதியில் உயரத்தையும் எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 12 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 5 மீற்றர் உயரமான மண்டபத்தின் கனவளவு 480 கன மீற்றர். அதே தளத்தில் உயரம் 2.7 மீற்றர் என்றால் 259 மட்டுமே. வந்திருக்கும் ஆட்கள் உறிஞ்சும் ஒலி மாறாது, கனவளவு மட்டும் ஏறக்குறையப் பாதியாகும். எதிர்முழக்கம், அதாவது பாட்டு நின்றபின்னும் மண்டபத்தில் தங்கி மெல்ல அடங்கும் ஒலி, குறைந்து குரல் வறண்டுபோகும். பாடுபவர் மைக்கைக் கூட்டச் சொல்வார், மைக் கூவத் தொடங்கும். ஏசிக் குழாயின் அடிவரை அளந்த உயரத்தையே கேளுங்கள். படத்தில் 4 மீற்றர் என்று காட்டியது, குழாய்களும் பொய்க்கூரையும் வந்தபின் 3 ஆகிவிடும்.

இடிக்குமுன் மண்டபத்தின் எதிர்முழக்கத்தைப் பதிந்துவையுங்கள். நாற்காலிக்குத்தான் ஆட்கள் அடிபடுவார்கள், அதைப் பிறகும் வாங்கலாம். கடைசி ரயில் போனபின், மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மேடையில் ஒரு ஒலிபெருக்கி, ஐந்தாவது வரிசையில் காது உயரத்தில் ஒரு மைக். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ்வரை 15 விநாடிக்கு ஏறும் ஒலியை ஓடவிட்டு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒலி அடங்கும்வரை நிறுத்தாதீர்கள். பலூன் உடைத்தும் செய்யலாம், ஆனால் கீழ்ச்சுரங்கள் சரியாக வராது. பட்டாசு வேண்டாம்: மைக் தாங்காது, பதிவு கிழியும். இந்தப் பதிவை வைத்து, வேறெங்கோ பதிந்த குரலைப் பின்னர் அந்த மண்டபத்தில் பாடியதுபோல ஒலிக்கச் செய்யலாம்.

கேள்வி: அலுமாரியில் கிடக்கும் பழைய கசெற்றுகள்?

பதில்: வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம், பிளேயரில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் பரவும். ஒலி மங்கலாக வந்தால், முதலில் உள்ளே நாடாவை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டைப் பாருங்கள். பசை காய்ந்து விழுந்திருந்தால், திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றினால் போதும். ஒவ்வொரு கசெற்றுக்கும், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருத்தி, உயர்சுரம் தெளிந்த பிறகே பதியுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவில் கைவைக்க விடாதீர்கள். தம்புராவையும் சேர்த்து அழித்துவிடும்.